தா வேறு, குடு வேறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கோ. வீட்டில் புலமைப்பரிசிலுக்குப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கோ.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரம் 5 பிள்ளைகளுக்கு வினைச்சொற்களை ஒத்தகருத்துப் பட்டியலாக எழுதிக் கொடுத்துப் பாடமாக்க விடுவதை நாங்கள் நிறுத்த வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பட்டியல் இருந்துவிட்டுப் போகட்டும். சூரியனுக்கு ஞாயிறு, கதிரவன், பரிதி, வெய்யோன் என்று பத்துப் பெயர் பாடமாக்கினால் அந்தப் பத்தும் வானத்தில் உள்ள ஒன்றைத்தான் காட்டும். பிள்ளை பிழைவிட இடம் குறைவு. (அங்கேயும் இருக்கிறது. யானைக்குக் களிறு என்று பாடமாக்கிய பிள்ளை ‘களிறு குட்டி போட்டது’ என்று எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன்.) ஆனால் வினை அப்படி இல்லை. யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார், எப்படிச் செய்கிறார், எதை வைத்துச் செய்கிறார் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும். அதை உரித்து எறிந்துவிட்டு வெறும் சொல்லை வரிசையில் அடுக்கினால் பிள்ளைக்குக் கிடைப்பது கோதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை வாட்சப்பில் அனுப்பிய ஒரு படம். அவள் இப்போது ஒரு தாய். கடற்கரைக் கிராமம், கணவன் தொழிலுக்குப் போகிறவர், மூத்த மகள் இந்த வருடம் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். ரியூசனில் கொடுத்த கையேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, கீழே குரல்பதிவு போட்டிருந்தாள். “ரீச்சர், இதில அறுநூறு சொல்லுக்கு மேல இருக்கு. இவள் இருநூறு தான் பாடமாக்கியிருக்கிறாள். இரவு பத்து மணிக்கு இருந்து அழுகிறாள். நான் என்ன செய்யிறது?”

அந்தப் பக்கத்தில் இருந்தது ‘சொல்’ என்ற வினை. எதிரே கூறு, உரை, செப்பு, மொழி, பகர், இயம்பு, விளம்பு, நவில், கழறு, பறை, அறை, சாற்று, புகல், பேசு, கதை. பதினைந்து சொல். ஒரு வாக்கியம்கூட இல்லை. பக்கத்தின் அடியில் மகளின் கையெழுத்தில் பயிற்சி: ‘எனக்குப் பசிக்கிறது என்று அம்மாவிடம் சாற்றினேன்.’ அதற்குச் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தது.

சாற்றுதல் என்றால் ஊரறிய அறிவிப்பது. பறை சாற்றுவார்கள் அல்லவா, அந்தச் சாற்றுதல். பசிக்கிறது என்று அம்மாவின் காதில் சொல்வதற்குச் சாற்றுதல் என்று எழுதினால் பிள்ளை குசினி வாசலில் நின்று முரசடித்த மாதிரி. பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. பட்டியல் அப்படித்தான் சொன்னது: இரண்டும் ஒன்று, மாற்றிப் போடலாம் என்று.

அந்தப் பதினைந்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், எனக்கும் ஓய்வில் இருக்கும் காலம். கழறுதல் என்றால் சும்மா சொல்வதில்லை. பிழை செய்தவனை இடித்துச் சொல்வது. நவிலுதல் என்பதற்குள் திரும்பத் திரும்பப் பழகுவது என்ற கருத்து இருக்கிறது. இயம்புதலில் ஒலி இருக்கிறது. பழைய தமிழில் வாத்தியங்களும் இயம்பும். பகர்தலுக்குப் பழைய இலக்கியத்தில் விலை சொல்லி விற்பது என்ற பொருளும் உண்டு. அறை என்பது அடிப்பதும்தான், முரசை அறைந்து சொல்வதும்தான். அறைகூவல் என்ற சொல் அந்த வழியில் வந்தது. விளம்பு என்றால் எங்களுக்குச் சொல்வது. நாகர்கோவில் பக்கம் போனால் சோறு பரிமாறுவது, மலையாளத்திலும் அப்படியே. செப்பு என்ற சொல்லை நாங்கள் செய்யுளில் மட்டும் காண்கிறோம். தெலுங்குக்காரர் அதைத்தான் நாள் முழுக்க வீட்டில் பேசுகிறார்கள்.

பறை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளை அதை ஏதோ பண்டிதர் சொல் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்குகிறாள். அவளுடைய பூட்டி உயிரோடு இருந்திருந்தால், “என்னடி இருந்து பறையிறியள்?” என்றுதான் கேட்டிருப்பா. எங்கள் பழைய சனம் வாய் நிறையச் சொன்ன சொல் அது. இரண்டு தலைமுறைக்குள் வீட்டில் இருந்து வெளியே போய், கையேட்டுக்குள் புகுந்து, பிள்ளையை அழவைக்கும் சொல்லாகத் திரும்பி வந்திருக்கிறது.

‘பேசு’, ‘கதை’ இரண்டையும் அந்தப் பட்டியல் ஒன்றாகப் போட்டிருப்பதுதான் பெரிய பகிடி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், ‘அம்மா கதைச்சவா’ என்றால் ஒன்று, ‘அம்மா பேசினவா’ என்றால் வேறொன்று. முதலாவது கதை, இரண்டாவது ஏச்சு. நான் படிப்பித்த பாடசாலைக்கு மாற்றலாகி வந்த வெளியூர் ஆசிரியை ஒருவர் காலைப் பிரார்த்தனை முடிய, “இப்போது அதிபர் உங்களோடு பேசுவார்” என்று அறிவித்தா. முன்வரிசையில் நின்ற சின்னதுகளின் முகம் கறுத்துப் போனது. என்ன குற்றம் செய்தோம் என்று ஒன்றையொன்று பார்க்குதுகள். எழுத்துத் தமிழில் பேசு என்றால் கதைப்பது என்பதும் பிள்ளை அறிய வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘உன் வீட்டில் இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து, புத்தகத்தில் என்ன கருத்து’ என்று பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. பட்டியல் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆயுளுக்கும் குழப்பத்தைக் கொடுக்கிறது.

அடுத்த பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன். அங்கேதான் எனக்கு உண்மையில் மனம் நொந்தது. ‘கொடு’ என்ற சொல்லுக்கு எதிரே: தா, ஈ, அளி, வழங்கு, நல்கு.

பிள்ளைகளே, இந்த ஈ, தா, கொடு மூன்றையும் பற்றித் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தனியாக நின்று விதி சொல்லியிருக்கிறார். மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது வருகிற சொற்கள். தன்னிலும் உயர்ந்தவரிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான். தனக்கு நிகரானவனிடம் ‘தா’ என்பான். தன்னிலும் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். உயர்வு தாழ்வு பார்க்கிற அந்தக் கால முறை எங்களுக்கு இன்று வேண்டாம், அது வேறு கதை. ஆனால் மூன்று சொல்லும் ஒன்றில்லை என்பதை எங்கள் முதல் இலக்கண நூலே சொல்லி வைத்திருக்கிறது. அதோடு விடவில்லை. இன்னோர் இடத்தில், தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்றும் சொல்கிறார். அதாவது எனக்கும் உனக்கும் என்றால் ‘தா’. அவனுக்கும் அவளுக்கும் என்றால் ‘கொடு’.

இப்போது உங்கள் வீட்டில் ஓடித்திரிகிற மூன்று வயதுப் பிள்ளையைக் கவனியுங்கோ. ‘எனக்குத் தாங்கோ’ என்று கேட்கும். ‘தம்பிக்குக் குடுங்கோ’ என்று சொல்லும். ‘நான் உங்களுக்குத் தாறன்’ என்று சொல்லும். ‘எனக்குக் குடுங்கோ’ என்று எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவரும் படிப்பிக்கவில்லை. தொல்காப்பியம் எழுதி எத்தனையோ நூற்றாண்டு கடந்தும் அந்த விதி எங்கள் பிள்ளைகளின் நாக்கில் அப்படியே இருக்கிறது. (தமிழ்நாட்டில் ‘எனக்குக் கொடு’ என்பது சாதாரணம். அது பிழை என்று நான் சொல்ல வரவில்லை; அங்கே வழக்கு அப்படி நடந்திருக்கிறது.) மூன்று வயதில் பிழையில்லாமல் பேசிய பிள்ளையைப் பத்து வயதில் பிடித்து இருத்தி, ‘தா என்றாலும் கொடு என்றாலும் ஒன்றுதான், பாடமாக்கு’ என்கிறோம். இதற்கு ரியூசன் காசு வேறு.

வகுப்பறையில் இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம். நான் தரம் 4 இல் செய்வது வழக்கம். மூன்று பிள்ளைகளை முன்னுக்கு விடுவேன், ஒருவர் கையில் வெண்கட்டி. ‘அதை எனக்கு’ என்று நான் தொடங்க வகுப்பே ‘தா’ என்று முடிக்கும். ‘அதை அவளுக்கு’ என்றால் ‘குடு’. பிறகுதான் கேட்பேன், ஏன் மாறியது என்று. யோசிக்குங்கள். ஒன்று எழும்பிச் சொல்லும், ‘உங்களிட்ட வந்தா தா, அங்கால போனா குடு’. இலக்கண ஆசிரியர்களுக்கு ஒரு சூத்திரம் தேவைப்பட்டதை அது ஒரு மூச்சில் சொல்லிவிட்டு இருந்துவிடும்.

உண்ணுகிற வினைகளையும் பாருங்கோ. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், பாலைப் பருகுகிறோம், தேனை நக்குகிறோம். எல்லாம் சேர்ந்து வந்தால் அதில் ஒரு சிறப்பு வினையை மட்டும் எடுத்து முழுவதற்கும் போடாதே, பொதுவான வினை ஒன்றைப் போடு என்பதும் பழைய விதி. உரைகாரர்கள் அதற்கு ‘அடிசில் அயின்றார்’ என்று உதாரணம் காட்டுவார்கள். நகைக்கு, வாத்தியத்துக்கு, ஆயுதத்துக்கு எல்லாம் அதே பேச்சு. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்களின் மொழியைப் படிப்பிக்கிறோம். நாங்களோ மாங்கொட்டையைச் சூப்புகிறோம், கச்சானைக் கொறிக்கிறோம், கூழை உறிஞ்சிக் குடிக்கிறோம், மருந்தை விழுங்குகிறோம். பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும். கையேட்டைத் திறந்ததும் எல்லாம் ‘அருந்தினான்’ ஆகிவிடும்.

இனி, எனக்குப் பதில் எழுத விரல் துடித்துக்கொண்டிருக்கும் சிலர் இருக்கிறீர்கள், தெரியும். ‘ரீச்சர், அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு பாடமாக்கவில்லையா? நாவலர் பெருமானே சூடாமணி நிகண்டைப் பதிப்பித்தாரே?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. ஆத்திசூடியும் வாய்ப்பாடும் பாடமில்லாத பிள்ளையை நான் தரம் 5 க்கு அனுப்பியதில்லை, கேட்டுப் பாருங்கோ. ஆனால் நிகண்டு எதற்கு இருந்தது? இலக்கியம் படிக்க. ஒரு பக்கம் நிகண்டு பாடமாகும், மறுபக்கம் அந்தச் சொல் வருகிற செய்யுளை வாத்தியார் பதம் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். சொல் போய் இருக்க ஒரு வீடு இருந்தது. திவாகர நிகண்டைச் செய்தவர் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பெயர்களைத் தொகுத்த பிறகு செயல் பற்றியவற்றுக்கு ஒரு தொகுதி, ஒலி பற்றியவற்றுக்கு ஒரு தொகுதி என்று தனித்தனியே பிரித்திருக்கிறார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கும் தனியாக ஒரு தொகுதி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டவில்லை. இன்றைய கையேட்டுச் சொற்கள் போய் இருக்கப் பிள்ளைக்கு ஒரு செய்யுளும் இல்லை, ஒரு கதையும் இல்லை. பரீட்சை முடிந்து வருகிற பின்னேரமே அறுநூறும் பறந்துவிடும்.

பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நிறுத்து என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. 1940களில் கன்னங்கரா காலத்தில் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து மத்திய மகா வித்தியாலயங்களுக்கு அனுப்பத் தொடங்கிய வழி இது. அதால் மேலே வந்தவர்கள் எத்தனை பேர். இந்தப் பதிவை வாசிப்பவர்களுக்குள்ளேயே மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள். விடுதியில் சேர்க்கப் போகும்போது தகரப் பெட்டிக்கு யார் வீட்டில் பூட்டு இரவல் வாங்கினோம் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் இன்று அது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் இருந்து எழுதும் பரீட்சையாகிவிட்டது. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. ஒரு புள்ளி குறைந்தால் சந்தியில் கட்டுகிற பதாகையில் படம் வராது. பத்து வயதுப் பிள்ளையின் படத்தை மின்கம்பத்தில் கட்டுகிற நாட்டில், படம் வராத பிள்ளை அந்தச் சந்தியால் எப்படிப் பள்ளிக்கூடம் போகும் என்று யாராவது யோசித்தார்களா? 2024 இல் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியே வந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கும்படி ஆனது. மூன்று வினாவுக்காக நாடே கொதித்தது. அவ்வளவு பயம்.

அந்தப் பயம் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தாய்க்கு வேறு வழி தெரியவில்லை. ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் நிலையாக இல்லை. கடல் ஒரு வருடம் கொடுக்கும், ஒரு வருடம் எடுக்கும். மகள் பட்டினப் பாடசாலைக்குப் போனால் அவளுடைய வாழ்க்கையே வேறு பாதையில் போகும் என்று அவள் நினைப்பதில் என்ன பிழை? அதனால்தான் ‘கையேட்டைத் தூக்கி எறி’ என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. லண்டனில் இருக்கிற என் மாணவன் ஒருவனுக்கும் இதே பயம்தான். அங்கே கிராமர் பாடசாலைக்கு 11 பிளஸ் என்று ஒரு பரீட்சை, அதற்கு ஆங்கில வினைச்சொற்களை அட்டை அட்டையாக மகனுக்குப் பாடமாக்குகிறான். வாக், ஸ்ட்ரோல், மார்ச், லிம்ப் எல்லாம் ஒரே அட்டையிலாம். லிம்ப் என்றால் நொண்டி நடப்பது. மார்ச் என்றால் இராணுவ நடை. நொண்டிக்கொண்டு அணிவகுத்துப் போகும் சிப்பாயை நினைத்துப் பாரடா என்று சொன்னேன். சிரித்தான். பிறகு, “உண்மைதான் ரீச்சர், நடந்து காட்டினால் ஒரு நிமிசத்தில விளங்கும்” என்றான். நடந்து காட்டு என்றேன்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், வேறு ஆருக்காவது உதவும். முதலில், அறுநூறை விடு. பிள்ளை தினமும் பாவிக்கிற இருபது வினையை எடு: சொல், பார், போ, வா, தா, எடு, வை, போடு, வெட்டு, பிடி, விழு, ஓடு, நட, அழு, சிரி, கேள், நினை, நித்திரைகொள், உடை, கட்டு. கிழமைக்கு இரண்டு என்றாலும் போதும், இடையில் ஒரு கிழமை தவறினாலும் குடி முழுகாது. அந்த வினைக்குப் பக்கத்தில் நிற்கிற சொற்களைப் பிள்ளையே சொல்லட்டும், வீட்டுச் சொல், புத்தகச் சொல் எல்லாம். ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைக்கச் சொல். பிறகு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல். வாக்கியம் நின்றால் அந்த இடத்தில் ஒத்தகருத்து. விழுந்தால் ஏன் விழுந்தது என்று கேள். அந்த ‘ஏன்’ தான் படிப்பு. ‘அவன் வானத்தைப் பார்த்தான்’ என்பதில் ‘நோக்கினான்’ நிற்கும். ‘அவன் வானத்தைக் கண்டான்’ என்றால் நிற்கும் மாதிரி இருக்கும், ஆனால் வேறு. பார்ப்பது கண்ணைத் திருப்புவது, காண்பது கண்ணில் படுவது. ‘பார்த்தனான், ஆனால் காணேல்லை’ என்று சாவி தேடுகிற அப்பா தினமும் சொல்கிறாரே. வினாத்தாளில் சொல்லை வாக்கியத்தில் வைத்துக் கீழ்க்கோடிட்டுக் கேட்கும்போது, வாக்கியத்தில் வைத்துப் பழகிய பிள்ளை தெரியாத சொல் வந்தாலும் மற்றச் சொற்களைப் போட்டுப் பார்த்துக் கழித்து விடையைப் பிடித்துவிடும். பட்டியலில் பழகிய பிள்ளை அந்தச் சொல் தன் அறுநூறில் இருந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்கும், மணி அடித்துவிடும்.

வீட்டு வேலையைப் போல ஒரு பாடப்புத்தகம் இல்லை. வெட்டு என்ற ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கோ. விறகு கொத்துகிறோம். மரம் தறிக்கிறோம். வெங்காயம் அரிகிறோம். பாளை சீவுகிறார்கள். புல்லுச் செருக்குகிறோம். தேங்காய் துருவுகிறோம். முருங்கையிலை உருவுகிறோம். பூ ஆய்கிறோம். துணி கத்தரிக்கிறோம். இப்படி ஒரு சுற்று வந்தால் போதும், ஒரு சொல்லும் பாடமாக்காமல் பிள்ளையிடம் பத்துச் சொல் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது வராது என்பதும் சேர்ந்தே தெரிந்திருக்கும். 95 இடப்பெயர்வு நேரம் எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பில் எழுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரத்தடியில் படிப்பித்தோம். கையேடு இல்லை, கடதாசியே இல்லை. இந்த வினை விளையாட்டுத்தான் நடந்தது. சத்தம் மட்டும் தாங்கேலாது.

போன சனிக்கிழமை அந்தத் தாய் காணொளி அழைப்பு எடுத்து மகளைக் கதைக்க விட்டாள். பிள்ளை பேசாமல் நின்றது. ‘பதினைந்தையும் சொல்லிக் காட்டு’ என்று தாய் பின்னால் நின்று தள்ளுகிறாள். வேண்டாம் என்றேன். “அப்பா விடிய கடலால வந்து என்னென்ன செய்வார், அதைச் சொல்லு பாப்பம்” என்றேன்.

முதலில் கொஞ்சம் யோசித்தது. பிறகு தொடங்கியது. வள்ளத்தைக் கரையில இழுப்பினம். வலையை உதறுவினம். மீன் கழட்டுவினம். பெரிசு சின்னன் பாத்துப் பிரிப்பினம். கூடையில அள்ளுவினம். சந்தையில ஏலம் கூறுவினம். அம்மா மிச்ச மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயப்போடுவா. அப்பா பின்னேரம் வலை பொத்துவார். ஒரே மூச்சு. தாய் வாயைத் திறக்கவில்லை.

“நீ இப்ப ‘ஏலம் கூறுவினம்’ எண்டு சொன்னாய் எல்லே, அதில வாற கூறு உன்ர கொப்பியில எங்க இருக்கு?” என்று கேட்டேன். ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தது. ‘சொல்’ என்ற வரிசையில் முதலாவது சொல்லில் விரலை வைத்தது. அதே வரிசையில் ஐந்தாவதாக இருந்த பகர் என்ற சொல்லைக் காட்டி, பழைய காலத்தில் மீன்காரர் விலை சொல்லி விற்பதற்கு இதைத்தான் சொன்னார்கள் என்றேன். “அப்ப எங்கட அப்பான்ர சொல்லும் இதில இருக்கோ ரீச்சர்?” என்று கேட்டது. இன்னும் இருக்கும், தேடு என்று விட்டேன்.

வெட்டுப்புள்ளி தாண்டுமா என்று எனக்குத் தெரியாது, அவள் தாயும் அதைத்தான் திரும்பவும் கேட்டாள். தாண்டினால் நல்ல சந்தோசம். இல்லையென்றாலும் சந்தியில் படம் வராத பிள்ளைகளோடு கதைக்க என் வீட்டு விறாந்தை இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. ரீச்சர் ஓய்வு பெற்றாலும் வீட்டுவேலை கொடுக்கிற பழக்கம் போகாது. ஊற்று என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கோ. தேத்தண்ணி ஊத்துறது, தண்ணி வார்க்கிறது, தோசை சுடுறதுக்கு மாவை விடுறது, கஞ்சி வடிக்கிறது, பயிருக்கு இறைக்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் அம்மம்மா அப்பம்மாவின் வாயில் இருந்த வேறு சொல் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கோ. கனடாவில் இருக்கிறவர்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கோ. மட்டக்களப்பு, மலையகம், மன்னாரில் இருந்து படித்தவர்கள் கட்டாயம் எழுதுங்கோ, உங்கள் சொற்கள் எனக்கு முழுக்கத் தெரியாது. சொல்லை மட்டும் எழுதாமல் ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கோ, ஊர்ப் பெயரையும் போடுங்கோ. சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் அழைப்பு எடுப்பாள். அதற்கு முன்னம் எனக்குக் கொஞ்சமாவது சேர வேண்டும்.